நில்லா ஏசி: மூலமும் உரையும் சில பாடபேதங்களும்

வீட்டு ஏசி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில்லை என்னும் பொருள் குறித்துத் தமிழில் இதுவே முதல் ஆய்வு. வேறு ஏதும் உண்டா என்று நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் அபாயம் இருப்பதால், தேடாமலே முதன்மை கோருவது ஆய்வுலகில் நிலைபெற்ற மரபு.

ஆய்வின் எல்லை: சென்னை, மே மாதம், மொட்டைமாடிக்கு நேர்கீழே ஒரு படுக்கையறை. ஹால் ஏசி விலக்கப்பட்டது. அது இன்னும் வாங்கப்படவில்லை.

வரலாற்றுப் பின்னணி இப்பொருளுக்குத் தேவையே இல்லை என்பதால் அதை விரிவாகக் கூறுவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்றொரு பேராசிரியர். வகுப்பு நடக்கும்போது அறைச் சூட்டைப் பார்க்கப் பணியாள் அடிக்கடி உள்ளே வந்தது அவருக்கு இடைஞ்சல். அறையின் வெப்பம் மாறினால் கீழே கொதிகலன் பக்கம் மணியடித்துச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்து, 1883இல் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட்டின் முன்னோர்களில் அது ஒன்று. கருவி மணியடிக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டியவர் அந்தப் பணியாள்தான். பெருமை பேராசிரியருக்கு, வேலை இன்னொருவருக்கு என்னும் ஏற்பாடு உயர்கல்வியில் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு இஃது அரிய சான்று. முனைவர் பட்ட மாணவர்கள் இவ்வரியை அடிக்கோடிடலாம், நெறியாளர் பார்க்காதபோது.

1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக இன்றைய ஏசியின் மூதாதையை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தில் காகிதம் உப்பியும் சுருங்கியும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின என்பது காரணம். காகிதத்தின் சுகத்துக்காகப் பிறந்த இயந்திரம் மனிதரின் தூக்கத்தை மதிக்கவில்லை என்று குறைபடுவது வரலாற்று அறியாமை.

இனி இலக்கணம். நிற்றல் மூவகைப்படும்: கம்ப்ரசர் நிற்றல், ஃபேன் நிற்றல், வாய்ச்சண்டை நிற்றல். மூன்றாவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சாதாரண ஏசியில் 24 வைத்தால், அறை அந்த அளவுக்கு இறங்கியதும் வெளியே இருக்கும் கம்ப்ரசர் கட் ஆஃப் ஆகும். சற்றே ஏறியதும் மறுபடி கிளம்பும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றொலியை வைத்தே ‘ஏசி நிக்கவே மாட்டேங்குது’ என்று முடிவு கட்டுவோர் உண்டு (மாமியார், வாய்மொழி, பின்னிரவு). அவர்கள் பால்கனிக் கதவைத் திறந்து வெளி யூனிட்டைக் கேட்டுவிட்டுப் பேசுவது நலம். நில்லாமைக்குக் கூறப்படும் காரணங்கள் இனி வருமாறு.

இன்வெர்ட்டர் ஏசி: இதன் கம்ப்ரசர் நிற்பதைவிட வேகம் குறைந்து ஓடவே பழக்கப்பட்டது, ஆகவே இங்கே சிக்கலே இல்லை, ஆயினும் கட்டுரைகள் வரும்.

ஃபில்டர் அடைப்பு: கழுவுக.

அணைத்த பின்னும் காற்று வருதல்: உள்ளே காயிலின் ஈரம் உலரட்டும் என்று சில மாடல்களில் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், பேய் அன்று.

ரிலே ஒட்டிக்கொள்ளுதல்: ரிமோட்டில் அணைத்தும் வெளியே கம்ப்ரசர் விடாமல் உறுமினால் எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுக, இதில் பாடபேதம் இல்லை.

கேஸ் கம்மி: இது மெக்கானிக் மரபு. எந்நோய்க்கும் இதுவே முதல் என்பது அவர்தம் துணிபு. ஏசியின் கேஸ் எரிந்து தீர்வதன்று, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குறைந்த கேஸோடு ஓடும் ஏசி வைத்த அளவை எட்டாது, எட்டாததால் நிற்காது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போவோர், மூலநூலைத் திறவாமல் மேற்கோளிலிருந்து மேற்கோள் எடுக்கும் அறிஞரை ஒப்பர். இருவருக்கும் அடுத்த கோடையிலும் வேலை உண்டு.

பதினெட்டுக் கொள்கை: 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது இக்கொள்கை (மூத்த மகன், நேர்ப்பேச்சு, கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்). சாதாரண ஏசி 18க்கும் 24க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். போய்ச்சேர வேண்டிய இடம்தான் தூரம். ஒரு டன் ஏசி என்றால் ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றுவது. பகலெல்லாம் வெந்த மொட்டைமாடிக்குக் கீழே அது விடியும்வரை மூச்சிரைத்தாலும் 18ஐத் தொடாது. நட்சத்திரக் குறியீடுள்ள ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் நம் நாட்டு விதி. ஆகவே மூலபாடம் 24, 18 என்பது பிற்காலத்தவர் கைவண்ணமாகிய இடைச்செருகல் (காண்க: ஈபி அட்டை, உள்பக்கம், பென்சில் குறிப்பு, அதன்மேல் எழுதப்பட்ட பால் கணக்கு, இரண்டையும் மறைக்கும் காப்பிக் கறை).

டைமர்: காலை 4 என்று எண்ணி மாலை 4 வைத்தல். மேலும், கரண்ட் போய் வந்தால் பல ஏசிகள் டைமரை மறந்துவிடும்; ஓட வேண்டும் என்பது மட்டும் நினைவிலிருக்கும்.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியாகிய போர்வைக் கோட்பாடு.

சில ஏசிகளின் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு வெப்ப உணரி உண்டு. அதற்குரிய பொத்தானை அமுக்கினால், ஏசி தன் மூக்கை நம்பாமல் ரிமோட் சொல்லும் சூட்டை நம்பும். ரிமோட் நம் பக்கத்தில் இருக்கும், நமக்கு எவ்வளவு சூடோ அதற்கேற்பக் குளிரும் என்பது வடிவமைத்தவர் எண்ணம். இரவில் ரிமோட் எங்கே இருக்கும் என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. கள ஆய்வில் கிட்டிய ரிமோட்டை விவரிப்போம்: முதுகு மூடி இல்லை, பேட்டரியை ரப்பர் பேண்ட் பிடித்திருக்கிறது, கூட்டும் பொத்தானின் குறி தேய்ந்துவிட்டது, குறைக்கும் பொத்தானின் குறி பொத்தானோடு போய்விட்டது. இருப்பிடம்: போர்வைக்குள், முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே.

அறை 23. போர்வைக்குள் முப்பதைத் தாண்டுகிறது. ரிமோட் முப்பதென்று அறிவிக்கிறது. ஏசி பதறி இன்னும் குளிர்விக்கிறது. உறங்குபவர் நடுங்கிப் போர்வையை இழுத்துச் சுருட்டிக்கொள்கிறார். ரிமோட் இன்னும் உள்ளே போகிறது, இன்னும் சூடாகிறது. இச்சுழற்சிக்கு முடிவில்லை. குளிரக் குளிரச் சூடு கூடும் இப்பேருண்மையை முதன்முதல் கண்டது யான்.

மறுப்பு: ரிமோட் ஒளியால் பேசுவது, கனத்த போர்வையை அவ்வொளி ஊடுருவாது, சேதி வராவிட்டால் ஏசி தன் சொந்த உணரிக்குத் திரும்பிவிடும் (இளைய மகள், பொறியியல் இரண்டாமாண்டு, சாப்பாட்டு மேசை, அப்பளத்தை உடைத்துக்கொண்டே). வலிமையான மறுப்பு. இதைத் தீர்க்கத் தலைவெளிக் கருதுகோளை முன்வைக்கிறேன்: ரிமோட்டின் தலை போர்வைக்கு வெளியே, வயிறு உள்ளே. இக்கருதுகோளில் போர்வையின் வகை முதன்மை பெறுகிறது. கம்பளி சூட்டைக் காக்கும், ஒளியை மறைக்கும். பருத்திப் போர்வை நழுவும், தலை வெளிப்படும். பவானி ஜமக்காளம் விரிப்பே, போர்வையன்று என்னும் தடை ஏற்கத்தக்கதாயினும் விருந்தினர் மிக்க காலத்து அவ்வேறுபாடு மறைவதை என் மைத்துனர் நிறுவியுள்ளார் (தீபாவளிக்கு முந்தைய இரவு, ஹாலில் படுக்கை, இடக்கால் வெளியே, ஒப்பிடுக: அதே மைத்துனர், பொங்கல், இரு கால்களும் உள்ளே, திருத்திய பதிப்பு: அவர் மனைவி, தொலைபேசி வழி, ‘அவரு எங்கயும் வரல’).

ரிமோட் பேசும், கேட்காது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அதன் திரை ஏசி அணைந்ததைக் காட்டுவதில்லை. தான் அணைக்கச் சொன்னதை மட்டும் காட்டும். சுவரைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினாலும் திரையில் அணைந்துவிடும். உண்மைச் சான்று எதிர்ப்புறத்திலிருந்து வரும் ‘பீப்’ மட்டுமே. தான் சொன்னதையே தனக்குச் சான்றாகக் காட்டி, எதிரிலிருந்து ஒலி வந்ததா என்று பாராமல் மேடையை விட்டிறங்கும் இப்பண்பைக் கருத்தரங்குகளிலும் கண்டிருக்கிறேன். அங்கே பீப் கிடையாது, பொன்னாடை உண்டு.

வாய்மொழித் தேர்வு நள்ளிரவில் நடைபெற்றது.

“ஏங்க, அந்த ஏசிய நிறுத்துங்க.”

“ரிமோட் எங்க?”

“உங்க காலுக்குக் கீழதான்.”

“அதை எடுத்தா ஆய்வுச் சூழல் கலைஞ்சிடும்.”

புறத்தேர்வாளர் மூன்று திருத்தங்களை வலியுறுத்தினார்: ரிமோட்டை மேசைமேல் வைப்பது, ஃபில்டரைக் கழுவுவது, ஈபி பில்லைக் கட்டுவது. முதலிரண்டும் ஆய்வெல்லைக்குள் வாரா என்று விளக்கம் அளித்திருக்கிறேன். இம்முறை 500 யூனிட்டைத் தாண்டி, கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிட்டதால், மூன்றாவதற்கு நிதிநல்கை கோரி அதே தேர்வாளரிடம் விண்ணப்பித்துள்ளேன்.