ஆகாய கங்கையும் ஆறடி ஃபிளெக்ஸும்

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கை அருவி முன் நின்று எடுத்த படத்தை எங்கள் மளிகைக் கடையின் 6×4 அடி ஃபிளெக்ஸுக்குக் கொடுத்தேன். அருவி அகன்றுபோய், பக்கத்தில் நான் பீப்பாயாக நிற்கிறேன். உருக்குலையாமல் பெரிதாக்க வழியுண்டா?
– ஒரு வாசகர், பேளுக்குறிச்சி

பதில்: உண்டு. சுமார் 300 அடி அருவியைக் குண்டாக்கும் வித்தை கொல்லிமலை மழைக்கே தெரியாது. அகலத்தை மட்டும் பிடித்து இழுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது!

போட்டோஷாப்பில் முன்பெல்லாம் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மூலையை இழுத்தால் விகிதம் மாறாது. 2019 பதிப்பில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சும்மா இழுத்தாலே விகிதம் நிற்கும், ஷிஃப்டை அழுத்தினால்தான் கெடும். பழகிய விரல் சும்மா இருக்குமா? கிம்ப் மென்பொருளில் வேலை என்றால், அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விகிதம் மாறினாலும் படத்தில் இருப்பவர் உருக்குலையாமல் இருக்க, 2007-இல் ஷாய் அவிதான், ஏரியல் ஷமீர் என்ற இருவர் ஒரு தந்திரம் சொன்னார்கள். வானம், புல்வெளி என்று கண் அதிகம் தங்காத இடங்களில் மட்டும் புள்ளிகளை வரிவரியாகக் கூட்டுவது, குறைப்பது. மறு வருடமே போட்டோஷாப்பில் அப்படியொரு வசதி வந்தது. ஆனால் உங்கள் படத்தில் காலி இடம் ஏது? பாதி பாறை, மீதி நீங்கள்.

செல்போனின் 3:4 நெட்டைப் படம் பலகை முழுக்க நிரம்ப வேண்டுமானால் சரிபாதியை வெட்ட வேண்டும். அருவியின் தலையா, உங்கள் தலையா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். வெட்ட மனமில்லையா? 4 அடி உயரத்துக்கு வைத்தால் படம் 3 அடி அகலம்தான் பிடிக்கும். மிச்ச 3 அடியில் கடைப் பெயரைப் போடுங்கள். மிளகு விலையை மட்டும் வேண்டாம். அடுத்த சந்தைக்குள் மாறிவிடும்.