அட்டைப்பெட்டிப் புலவர்களுக்கு ஒரு பாராட்டுரை

டேப்லெட் பெட்டியின் மேல் வாசகம் எழுதும் பெருமக்களே, உங்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சாவதில்லை. இறக்குமதியாளர் முகவரி இருக்கிறது, அதிகபட்ச விலை இருக்கிறது, பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறது. இத்தனையும் எழுதிய உங்களுக்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. அந்தக் குறையை என்னால் முடிந்த அளவு தீர்க்கவே இதை எழுதுகிறேன். எதை எடுத்துச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வில் உங்களுக்கு நிகராக எழுதுகிறவர்கள் இன்று இல்லை. மனமறிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் ஆற்றலை நான் அருகிலிருந்து பார்த்தது கோபாலபுரத்துத் தமிழாசிரியை ஒருவரால். ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் அவ்வை சண்முகம் சாலைப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று கையடக்கமான ஒரு டேப் வாங்க நினைத்தார். அவர் வாங்கும் முதல் கணினியும் அதுதான். அவருக்கு வேண்டியது கொஞ்சம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் படிக்க வேண்டும். கோவையில் இருக்கும் அக்காவோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். தமிழில் எழுத வேண்டும். வாங்கிய பொருள் நாலைந்து வருஷமாவது உழைக்க வேண்டும். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு வந்தார்.

கடைப் பையன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான்.

"எட்டு ஜிபி ரேம், ஆக்டா கோர், பெரிய பேட்டரி. இந்த ரேட்டுக்கு இதுக்கு மேல கிடைக்காது மேடம்."

"ரேம்னா என்னப்பா?"

"ஸ்பீடு மேடம்."

டீச்சர் மறுபேச்சில்லாமல் பெட்டியை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, உரை நூலின் அடிக்குறிப்பைப் படிப்பதுபோலப் படித்தார். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அந்த நட்சத்திரத்துக்கு உரிய விளக்கம் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது: 4 + 4. முதல் நான்கு உண்மையான ரேம். அடுத்த நான்கு, சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி அதற்கு ரேம் என்று பெயர் சூட்டியது.

இந்த இடத்தில்தான் நான் உங்களை வணங்கினேன். ரேம் என்பது திறந்து வைத்த வேலைகளைக் கருவி உடனுக்குடன் எடுக்கும்படி வைத்திருக்கும் இடம். அது போதாதபோது கருவி ஓயாமல் வேலைகளை மூடித் திறக்கிறது. நாம் அதை மந்தம் என்கிறோம். குறைந்த விலை டேப்களில் சேமிப்பிடம் பெரும்பாலும் இஎம்எம்சி வகை. அதன் 5.1 தரத்தில் இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. உண்மையான ரேமின் வேகமோ நொடிக்குப் பல ஆயிரம் எம்பி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு, விடையை முகப்பில் பெரிதாக எழுதி, கணக்கை அடியில் பொடியாக எழுதினீர்கள். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யே சொல்லாமல் ஒருவரைத் தவறான பொருளை வாங்க வைக்க முடியும் என்று எனக்குக் கற்பித்தவர்கள் நீங்கள்.

ஆக்டா கோர் என்றீர்கள். எண்ணிப் பார்த்தால் செயலியின் கோர்கள் எட்டும் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை. எட்டும் எந்தக் குலம் என்பதைத்தான் எழுதவில்லை. 2012ல் அறிவிக்கப்பட்ட கார்ட்டெக்ஸ் ஏ53 எட்டைச் சேர்த்தாலும் ஆக்டா கோர். ஏ76 போன்ற வலுவான இரண்டும் சிக்கனமான ஏ55 ஆறும் சேர்ந்தாலும் ஆக்டா கோர். ஒரு பக்கத்தைத் திறப்பதும் நூலைப் புரட்டுவதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் வலுவை நம்பியே நடக்கும் வேலைகள். எட்டு என்ற எண்ணை மட்டும் சொல்லி இந்தச் சங்கடத்தை எல்லாம் வாங்குகிறவருக்கு வராமல் காத்தீர்கள்.

திரை விஷயத்தில் உங்கள் நுட்பம் இன்னும் கூடுதல். 10.1 அங்குலம் என்று பெரிய எழுத்து, எச்டி என்று அடுத்த எழுத்து. அந்த எச்டி 1280க்கு 800 புள்ளிகள். 10.1 அங்குலத்தில் அவற்றைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 149 புள்ளி வரும். அதே அளவுத் திரையில் 1920க்கு 1200 என்றால் 224 வரும். சினிமா பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு பொறுத்துக்கொள்ளக் கூடியது. டீச்சர் படிக்க நினைத்ததோ நூறாண்டுக்கு முன் அச்சான நூல்களின் ஸ்கேன் பக்கங்கள். பக்கம் முழுவதும் திரையில் தெரியும்படி வைத்தால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி இருக்கிறதா, தாளின் கறையா என்று தெரியாது. பழம் பதிப்பில் புள்ளி போனால் பொருள் போகும். ஒவ்வொரு பத்தியையும் விரலால் விரித்துப் பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு தமிழ்ப் புத்தகத்தை எப்படிப் படிப்பார்கள் என்ற கவலை உங்கள் எழுத்தை ஒருபோதும் கனமாக்கியதில்லை.

மின்கலத்துக்கு மில்லி ஆம்பியர் மணிக் கணக்கு கொடுத்தீர்கள், 12 மணி நேரம் என்றும் கொடுத்தீர்கள். அதோடு 'வரை' என்ற ஒரு சொல்லும் சேர்த்தீர்கள். எவ்வளவு வெளிச்சத்தில், எதைப் பார்த்தபடி அந்த 12 மணி என்பதை அந்தச் சொல் தாங்கிக்கொள்கிறது. வேகமாகச் சார்ஜ் ஏறும் என்பதும் உண்மை. அந்த வேகத்துக்கு உரிய சார்ஜர் தனியாக வாங்கினால் ஏறும். இவற்றைச் சுருக்கமாகக் கடந்து போகிறேன், ஏனென்றால் நான் மிகவும் வியந்தது உங்கள் அடக்கத்தை.

ஆண்ட்ராய்டு கருவியில் விரலால் தமிழ் எழுதினால் அதை எழுத்தாக மாற்றித் தரும் வசதியை கூகுள் 2015ல் தந்தது. தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. கீபோர்டைத் தொட்டே பழகாத ஓர் ஆசிரியை, கரும்பலகையில் எழுதிய அதே கையால் எழுதலாம். கை நடுங்கினால் வாயால் சொல்லலாம். முதல் கணினி வாங்கும் தமிழருக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? டீச்சர் இதைக் கேட்டதும் கடையிலேயே, கண்ணாடிப் பேழைக்கு வெளியே வைத்திருந்த டேப்பில் தன் பெயரை விரலால் எழுதிப் பார்த்தார். அது அச்செழுத்தாக மாறியதும் இன்னொரு தரம் எழுதினார். இந்தச் செய்தியைப் பெட்டியில் தேடினேன். ஏஐ என்ற இரண்டு எழுத்து இருந்தது. தமிழ் என்ற சொல் இல்லை, தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. வாங்குகிறவருக்கு மிகவும் பயன்படுவதை விளம்பரமே செய்யாமல் இருக்கும் தன்னடக்கம் எளிதில் வராது.

உங்களுக்கு முன்னால் சிலர் இந்த நாட்டில் கையடக்கக் கணினி செய்தார்கள். அவர்களுக்கு உங்கள் தேர்ச்சி கைவரவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001ல் சிம்ப்யூட்டர் என்ற கருவியை அறிவித்தார்கள். அவர்கள் தொடங்கிய இடமே வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று முதலில் கேட்டார்கள். அதற்காக இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வைத்தார்கள். தனியாக வாங்கப் பணமில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்டு, ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்று வழி செய்தார்கள். 2004ல் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்குக் கடைக்கு வந்தது. விற்றது சில ஆயிரங்கள்தான்.

அடுத்து, மாணவர்களுக்கான ஆகாஷ் டேப்லெட். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் செய்தது. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், 2,100 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், அழுத்தினால்தான் கேட்கும் ஏழு அங்குலத் திரை. மாணவர்களுக்கு அது போதவில்லை. அடுத்த ஆண்டே புதிய பதிப்பு கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் அந்த எண்கள் எல்லாம் வெளிப்படையாக இருந்தன. 256ஐ 512 என்று காட்டும் கூட்டல் குறி அன்றைக்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. கருவி போதாது என்பதை எவரும் ஒரே வாசிப்பில் தெரிந்துகொண்டார்கள். உங்கள் பெட்டியைப் படித்து அந்த முடிவுக்கு வர ஒரு தமிழாசிரியையின் படிப்பு தேவைப்படுகிறது.

விலையிலும் உங்கள் தாராளம் தெரிகிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலையை அச்சிடச் சொல்கின்றன. நீங்கள் 32,999 என்று அச்சிட்டீர்கள், கடையில் 14,000க்குத் தந்தார்கள். ஒருவரும் கொடுக்காத விலையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி, வாங்குகிறவர் மனத்தில் பத்தொன்பதாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த நிறைவை வைத்தீர்கள்.

டீச்சர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் உங்கள் சிகரம்.

"இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் குடுப்பாங்க?"

பையன் நல்லவன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அகலம், உயரம், எடை கிராமில், கேமராவின் மெகாபிக்சல், நிறத்தின் பெயர் எல்லாம் இருந்தன. "அதெல்லாம் வரும் மேடம்" என்று சொல்ல வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து, "தெரியல மேடம்" என்றான்.

இந்த ஒரு விடையில்தான் அந்தக் கருவியின் ஆயுள் இருக்கிறது. புதுப்பிப்பு நின்றுபோன கருவி உடனே சாவதில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். வங்கிச் செயலியும் பணம் அனுப்பும் செயலியும் பழைய பதிப்பை ஒவ்வொன்றாகக் கைவிடும். 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே உள்ளவற்றை வாட்ஸ்ஆப் கைவிட்டது இப்படித்தான். விலை கூடிய போன்களில், 2023ல் வந்த கூகுளின் பிக்சல் 8 தொடங்கி, ஏழாண்டு என்று உறுதி சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. முதல் கருவி வாங்கும் எளியவர் கைக்கு வரும் டேப்பில் அந்த எண்ணைக் காட்டாமல் நீங்கள் காத்து வருகிறீர்கள்.

ஐரோப்பியப் பெட்டிகளுக்கு எழுதும் உங்கள் தோழர்கள் பாவம், சுதந்திரம் இழந்துவிட்டார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே போனுக்கும் டேப்லெட்டுக்கும் விதி வந்தது. ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றிய பின்பும் மின்கலம் 80 சதவீதம் கொள்ள வேண்டும். முக்கியமான உதிரிபாகங்கள் 7 ஆண்டு கிடைக்க வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது நீக்க எவ்வளவு எளிது என்று தரமிட்டு ஒட்டியே விற்க வேண்டும். இங்கே பழுதுநீக்கக் குறியீடு பற்றி ஆராய நுகர்வோர் விவகாரத் துறை 2024ல் குழு அமைத்தது. 2025ல் அறிக்கையும் வந்தது. பெட்டிக்கு இன்னும் அது வரவில்லை.

கடைக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் ஒரு பழுதுநீக்கும் மேசை. திரை வெடித்த டேப்களும் மின்கலம் உப்பிய டேப்களும் அடுக்கிக் கிடந்தன. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த அவ்வையார், பீலி அணிந்து நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன என்று அவற்றைப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொன்ன புறநானூற்றுப் பாட்டை டீச்சர் பல ஆண்டு வகுப்பில் நடத்தியவர். அந்த மேசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அதியமான்கிட்ட கொல்லன் இருந்தான்" என்றார். இந்த மேசைக்காரருக்குக் கைத்திறமை இருக்கிறது, அந்த மாதிரிகளுக்குப் பாகம் வருவதில்லை. பாகம் கிடைக்குமா என்பதும் பெட்டியில் இல்லாத செய்திதான்.

டீச்சர் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. 1920க்கு 1200 திரையும், நட்சத்திரம் இல்லாத 6 ஜிபி ரேமும் கொண்ட வேறொன்றை, மூவாயிரம் கூடக் கொடுத்து எடுத்தார். புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, பையனே எடுத்துக் காட்டினான்.

பெருமக்களே, உங்களால் முடியாதது இல்லை. ஒரு கூட்டல் குறியால் ரேமை இரட்டிப்பாக்கியவர்கள் நீங்கள். அடுத்த பெட்டிக்கு எழுத உட்காரும்போது புதுப்பிப்பு முடியும் ஆண்டு, மின்கலம் மாற்ற ஆகும் செலவு, உண்மையான ரேம், தமிழில் எழுதும் வசதி என்ற இவ்வளவையும் எட்டுக்குப் போட்ட அதே பெரிய எழுத்தில், தமிழிலேயே, முகப்பில் எழுதிப் பாருங்கள். இடம் போதாவிட்டால் நட்சத்திரங்களை எடுத்துவிடலாம்.