சோபாவில் படித்த வனவாசி

வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. வீட்டில் வைத்த பெயர் எதுவோ, நண்பர்கள் மத்தியில் ‘கிரில்ஸ்’. டிஸ்கவரி தமிழில் பியர் கிரில்ஸ் காட்டில் பிழைத்துக் காட்டும் ‘மேன் வெர்சஸ் வைல்ட்’ பார்த்தே வளர்ந்தவர். அதை வைத்து 2011இல் வந்த வீடியோ கேமை எக்ஸ்பாக்ஸில் ஆடிக் கரைகண்டவர். அதில் பியர் கிரில்ஸாக நாமே காட்டில் அலையலாம். கேட்ட நேரத்தில் கேட்ட பட்டனை அமுக்கினால் உயிர் பிழைக்கலாம். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் ‘யூ வெர்சஸ் வைல்ட்’ வந்தது. அதில் போகிற வழியை ரிமோட்டில் நாமே தேர்ந்தெடுக்கலாம். தப்பாகப் போனால் திரும்பிவந்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் முடித்த பிறகு மேற்படிப்புக்கு ஜவ்வாதுமலை.

புல்லட், முழங்கால் வரை பூட்ஸ், இடுப்பில் கத்தி. கத்தியால் இதுவரை வெட்டப்பட்டவை: நூடுல்ஸ் பாக்கெட்டுகள். சாமை விளையும் மலைக்கு நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வருகிற மனிதர்! கையில் ஒரு டார்ச் வேறு. அடித்தால் எதிர்மலை வெளுக்கும். இதே மலையில் காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இருட்டை நம்பிப் பிழைக்கும் விஞ்ஞானிகள் இவரைப் பார்க்காதவரை நல்லது.

பீமன் அருவிக்குப் போகிற வழியில் ஓரமாகக் குந்தி, மெக்னீசியக் குச்சியைக் கத்தியால் சுரண்டித் தீ உண்டாக்குகிறார். டீ போடத்தான். பொறி வருகிறது, பற்றவில்லை. நெற்றி வேர்வை பஞ்சிலேயே சொட்டுகிறது. நண்பர் கேமராவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுகிறார். ஆடு ஓட்டிவந்த மலைக்காரப் பாட்டி நின்று பார்க்கிறார்.

“இன்னா தம்பி, நெருப்பெட்டி இல்லியா?”

“இருக்கு பாட்டி. ஆனா அதுல பத்த வைக்கக் கூடாது.”

ஏன் கூடாது என்று பாட்டி கொஞ்சநேரம் காத்திருந்தார். பதில் வரவில்லை.

“அப்ப எனக்குக் குடு. ஊட்ல தீந்துபோச்சி.”

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். “ரோட்டு மேல குந்தி எரிக்காத. பாரஸ்ட்டுகாரரு வந்தா புட்சிக்கினு பூடுவாரு.”

நம்மவரின் வீரத்துக்கு இலக்கணம் ரஜினிகாந்த். 2020 ஜனவரியில் பந்திப்பூரில் கிரில்ஸோடு படப்பிடிப்பு நடந்தபோது சூப்பர் ஸ்டாருக்கே லேசான கீறல். அன்றுமுதல் உண்ணிச்செடி கிழித்த கோட்டைக்கூட மூன்று கோணத்தில் படமெடுத்து வைக்கிறார்.

சாயங்காலம் ஆனால் ஆசாமி வேறு. 2007இல் கிரில்ஸ் மேலேயே ஒரு புகார் எழுந்தது: வனாந்தரம் என்று காட்டிவிட்டுச் சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்று. பிறகு நிகழ்ச்சியில் விளக்கக் குறிப்பெல்லாம் சேர்த்தார்கள். குருவின் வித்தைகளில் சீடருக்கு முழுசாகக் கைவந்தது இது ஒன்றுதான். ஜமுனாமரத்தூர் லாட்ஜில் பையை இறக்கியதும் கேட்பார்: “அண்ணே, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?”

அன்றிரவு பாத்ரூமில் ஒரு பூரான். திரையில் பட்டனை அமுக்கிப் புழுபூச்சியாகத் தின்று தீர்த்தவர் கட்டில்மேல் ஏறி நின்று ரூம் பையனைக் கூப்பிட்டார். பையன் செருப்பால் ஒரே போடு போட்டுவிட்டு, கொட்டாவி விட்டபடி போனான்.

காலையில் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்: ‘ஜவ்வாதுக் காட்டில், கொடிய விஷப்பூரானுடன் ஓர் இரவு. பாகம் 1.’