வைக்கோற்போருக்கு அடியில் ஐந்து பேர்

நியூஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் வீடியோ காலில் கேட்டாள்: "சித்தப்பா, வில்லியம்ஸ் காலேஜ்ல எனக்கு சான்ஸ் இருக்கா?"

பள்ளியில் அவள்தான் முதல். வயலின் உண்டு, அரங்கேற்றம் முடிந்துவிட்டது, சனிக்கிழமைதோறும் முதியோர் இல்லத்தில் தொண்டு. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் மொத்தப் பிள்ளைகளே இரண்டாயிரம் பேர்தான் தேறும். நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. எனக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. ஆகவே சரித்திரம் பார்த்தேன்.

எஃப்ரைம் வில்லியம்ஸ் ஒரு படைத்தளபதி. 1755-ல் போருக்குப் புறப்படும்போது உயில் எழுதினார்: பள்ளிக்கூடம் கட்டப் பணம் தருகிறேன், ஆனால் ஊருக்கு என் பெயரை வைக்க வேண்டும். எழுதிய கையோடு போரில் செத்தும் போனார். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிறவர்களுக்கெல்லாம் இவர் பாட்டன். இவர் விளக்கை விட்டுவிட்டு ஊரையே பிடித்தார். ஊர் வில்லியம்ஸ்டவுன் ஆயிற்று. பள்ளிக்கூடம் 1793-ல் கல்லூரி ஆயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், மலைக்கு நடுவே. அங்கே சேர யாரும் வரிசையில் நிற்கவில்லை.

1806-ல் ஒரு நாள் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு வைக்கோற்போருக்கு அடியில் ஒதுங்கினார்கள். நாமாக இருந்தால் சூடாக பஜ்ஜி கிடைக்குமா என்று யோசித்திருப்போம். அவர்கள் ஆசியா முழுவதையும் கிறிஸ்தவம் ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். ஆசியாவை யாரும் கேட்கவில்லை.

அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். சொன்ன சொல்லைக் காப்பாற்ற 1816-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1822-ல் அங்கேயே மறைந்தார். மறு ஆண்டு அவருடைய கூட்டாளிகள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி திறந்தார்கள். அச்சு அசலாக நியூ இங்கிலாந்துக் கல்லூரிப் பாணி. அங்கே சேரும் பையன்களின் சாப்பாட்டுச் செலவுக்கு அமெரிக்காவில் யாராவது பணம் அனுப்பினால், அனுப்பியவர் சொல்லும் பெயரைப் பையனுக்கு வைத்துவிடுவார்கள். எஃப்ரைம் வில்லியம்ஸின் டியூப்லைட் கடல் கடந்து எரிந்தது. படிப்பு அங்கே ஜோராக நடந்தது, ஞானஸ்நானம்தான் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. 1855-ல் பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் பெரியவர்கள் கணக்குப் பார்த்து இழுத்து மூடிவிட்டார்கள். சில வருஷத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டதாரிகளை அறிவித்தது. இரண்டு பேர்: சி.வை.தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டைச் சரக்கு. பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

வில்லியம்ஸ்டவுனுக்குத் திரும்புவோம். இந்த மலைக்காட்டில் கல்லூரி உருப்படாது என்று 1821-ல் அதன் தலைவர் ஸெஃபனாயா ஸ்விஃப்ட் மூருக்கே தோன்றிவிட்டது. பதினைந்து மாணவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு மலையிறங்கி, ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் புதுக்கடை போட்டார். போகும்போது நூலகப் புத்தகங்களையும் சுருட்டிக்கொண்டு போனார் என்று வில்லியம்ஸ்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் பங்காளிச் சண்டையில் ஆதாரம் யார் கேட்டார்கள்? புதுக்கடையில் முதல் நாள் நாற்பத்தேழு பேர். ஊரில் சாமுவேல் ஃபவுலர் டிக்கின்சன் என்ற வக்கீல் இந்தக் கல்லூரிக்காகச் சொத்தையெல்லாம் அழித்து, கடைசியில் ஊரைவிட்டே போனார். கவிஞர் எமிலி டிக்கின்சனின் தாத்தா அவர்.

அப்போது சேர என்ன வேண்டும்? சிசரோவும் வர்ஜிலும் லத்தீனில், புதிய ஏற்பாடு கிரேக்கத்தில், கொஞ்சம் கணக்கு. ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கேட்பார். திணறினாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். பையனுக்குக் கல்லூரி தேவைப்பட்டதைவிடக் கல்லூரிக்குப் பையனின் ஃபீஸ் அதிகம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு கேள்வி கேட்டால் எப்படி என்று 1901-ல் பொதுத் தேர்வு வந்தது. எழுதியவர்கள் 973 பேர். இங்கேதான் சங்கடம். பரீட்சை என்று ஒன்றை வைத்தால் படிக்கிற பிள்ளைகள் பாஸாகிவிடுகிறார்கள். நியூயார்க்கில் வந்து குடியேறிய யூதத் தையற்காரர்களின், தள்ளுவண்டிக்காரர்களின் பிள்ளைகள் பாஸானார்கள். கல்லூரிகளை நடத்திய கனவான்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 'யூதர் வேண்டாம்' என்று பலகை மாட்ட நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே 'குணநலன்' என்ற தகுதியைக் கண்டுபிடித்தார்கள். 1922-ல் ஹார்வர்டின் விண்ணப்பப் படிவம் அப்பா எங்கே பிறந்தார், அம்மாவின் கன்னிப் பெயர் என்ன, நீயோ உன் அப்பாவோ பெயரை மாற்றிக்கொண்டதுண்டா, விவரமாக எழுது என்று கேட்டது. நம் ஊரில் 'தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்வார்களே, அதே கேள்விதான். அதே காலத்தில் டார்ட்மத் கல்லூரியும் மதிப்பெண்ணோடு நேர்முகம், பரிந்துரை, எந்த ஊர், விளையாட்டு எல்லாம் பார்க்க ஆரம்பித்தது. பழைய மாணவரின் மகன் என்றால் தனி மரியாதை. என் அண்ணன் மகளின் வயலினும் அரங்கேற்றமும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

1926-ல் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு வந்தது: 315 கேள்விகள், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். யோசித்தவன் தோற்றான். 1969-ல் போடன் கல்லூரி, அந்த மதிப்பெண்ணை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம் என்றது. 1970-களில் வில்லியம்ஸுக்கும் ஆம்ஹர்ஸ்டுக்கும் பெண்களுக்கும் மூளை உண்டு என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. பழைய மாணவர் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை கிடையாது என்று 2021-ல் ஆம்ஹர்ஸ்ட் அறிவித்தது. அந்த ஞானோதயத்துக்கு இருநூறு வருஷம் பிடித்தது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தேன். "அப்ப எனக்கு சான்ஸ் இருக்கா, இல்லையா?" என்றாள் மறுபடியும்.

"தெரியலை கண்ணு. ஆனா அந்த வைக்கோற்போர் இருந்த இடத்துல, காலேஜுக்குள்ளேயே, மேல உலக உருண்டை வெச்ச ஒரு கல் தூண் இருக்கு. 1867-லேர்ந்து நிக்குது. அதைப் பாக்க அப்ளிகேஷன் வேண்டாம்."