மனையின் முதல் குடித்தனம்

திருச்சானூர்ப் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்கள், பத்மாவதித் தாயாரைச் சேவிக்க வரும்போது மனையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருக்கும். நடுவில் மட்டும் பத்திரம், பட்டா எதுவும் இல்லாமல் ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருக்கும். தரையோடு படர்ந்த செடி, சாண் உயரக் காம்பு, அதன் நுனியில் மூக்குத்தி மாதிரி ஒரு பூ. வெட்டுக்காயப் பூண்டு!

ஊதினால் பறக்கும் டேண்டலியனைக் கார்ட்டூனில் பார்த்து ஏங்கும் பிள்ளைகளுக்கு, அதன் பங்காளி காலடியில் கிடப்பது தெரிவதில்லை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். டேண்டலியனுக்குக் குளிர் வேண்டும், இந்தியாவில் இமயமலைப் பக்கம் போனால் பார்க்கலாம். இதற்குத் திருச்சானூர் வெயிலே போதும். வருஷம் முழுக்கப் பூக்கும்.

குனிந்து பார்த்தால் ஒரு பூ அல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். ஓரத்தில் வெளிர்மஞ்சள் இதழ்கள், பெரும்பாலும் ஐந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். அந்த இதழ் ஒவ்வொன்றுமே தனிப் பூ. நடுவில் மஞ்சள் குழல் பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். முற்றியதும் எல்லாம் சேர்ந்து நரைத்த தலையாகிவிடும். விதைக்கு விதை ஒரு இறகுக் குடை. காற்று வந்தால் புறப்பாடு.

டேண்டலியனின் குடையை எடின்பரோ பல்கலைக்கழகத்தார் காற்றுச் சுரங்கத்தில் மிதக்கவிட்டு, அதன் தலைக்கு மேல் ஒரு சுழல்வளையம் ஒட்டாமல் நிற்பதைக் கண்டு 2018இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம்மூர்க் குடைக்கு அந்த யோகம் வாய்த்ததாகத் தெரியவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்து மனைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மனைக்காரர் ஆள் வைத்துச் செதுக்குவார். படர்ந்த தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டிருப்பதால், விட்டுப்போன துண்டு ஒன்று போதும், மறுபடி தழைத்துவிடும். விதையோ வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் ரகம். மேலே மறைத்திருந்த புல்லைக் கூலி கொடுத்து நீக்கித் தருகிறவர் சாட்சாத் அந்த மனைக்காரர்தான். இதில் செதுக்குகிறவர் கை அரிவாளில் பட்டுவிட்டால் எந்தத் தழையைக் கசக்கிப் பிழிவார் என்கிறீர்கள்? அதையேதான். ரத்தம் நின்றதும் அரிவாளை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நன்றி கெட்ட உலகம் என்று பூண்டு சொல்வதில்லை. சொல்ல நேரமில்லை, வண்ணத்துப்பூச்சிகள் வரிசையில் நிற்கின்றன.

பூர்வீகம் மத்திய அமெரிக்கா. 1753இல் லின்னேயஸ் இதற்கு லத்தீனில் பெயர் சூட்டினார். கடல் தாண்டி வந்ததற்கு ஆந்திரத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. கேட்பது அமெரிக்காதான்: அங்கே இது மத்திய அரசின் தீங்குக்களைப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. விசாவுக்காகச் சில்கூர் பாலாஜியைப் பதினோரு சுற்று சுற்றும் நம் பிள்ளைகள் கவனிக்க: பூண்டு ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் ஃப்ளோரிடாவில் எப்போதோ குடியேறி, சாலையோரத்தில் பூத்துக்கொண்டிருக்கிறது.