கரண்டை விசாரி, பிறகு கம்ப்யூட்டரைத் திட்டு

(சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து இந்த வாரம் வந்தவை எல்லாம் ஒரே ஜாதிக் கேள்விகள்: பழைய கம்ப்யூட்டர், வீட்டிலேயே பாட்டுப் பதிவு, பாதியில் மக்கர்.)

பல்லவி பாடும்வரை ஒழுங்காக இருக்கிறது. சரணத்துக்கு வந்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. பத்து வருஷத்துப் பெட்டி. சரணத்தில் என்ன குற்றம்?
*– சங்கரன்கோவில்*

சரணம் வருவதற்குள் சூடு ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே படுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். தறிப் பஞ்சும் தெருத் தூசியும் சேர்ந்து ஹீட் சிங்க் மேல் கம்பளி நெய்திருக்கும். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால் துடைத்துவிட்டு, புதிது ஒரு மிளகளவு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது போல அப்ப வேண்டாம்.

தூசி இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட். பக்கத்து வீட்டில் விசைத்தறி. அதன்மேல் சந்தேகப்படலாமா?
*– புளியங்குடி*

சந்தேகப்படலாம், சண்டைக்குப் போகக் கூடாது. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 230 வோல்ட் ஓர் இமைப்பொழுது சரியும். இளவயது எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கிக்கொள்ளும், வயதானது மயங்கி விழும். மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பினால் அழகு இட்லிக்குத்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை நீங்கள் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஷாக் காத்திருக்கும்.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கேட்கத் தம்புரா மாதிரியே இருக்கிறது. அப்படியே விட்டுவிடட்டுமா?
*– கழுகுமலை*

அந்தத் தம்புராவுக்குச் சுருதி சேராது தாயி! நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குக் கீழே, எந்தக் கட்டையிலும் உட்காராத சுதி.

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்து பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் கரண்ட் வழியாகத்தான் வருகிறான். அடுத்து, மூன்று பின் பிளக்கில் மூன்றாவதை உடைத்து எறிந்த புண்ணியவான் யார் என்று வீட்டில் விசாரியுங்கள். கம்ப்யூட்டர், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பலகையில் செருகப்பட்டிருக்கட்டும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால் எர்த் இருந்தும் பயனில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்தும் விடுங்கள். இது பாட்டுக்காக மட்டுமல்ல, மைக் பிடிக்கும் கைக்காகவும்.

நான் பாடுவது எனக்கே தாமதமாகக் கேட்கிறது. தாளம் தப்புகிறது.
*– சிவகிரி*

பஃபரைக் குறையுங்கள். 1024 என்று வைத்தால், 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் 23 மில்லி செகண்டு தாமதம். அதற்குள் ஒலி 8 மீட்டர் ஓடிவிடும். நீங்கள் திண்ணையில் பாட, தாளக்காரர் எதிர்வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிற கதை. 128 வைத்தால் அவர் ஒரு மீட்டரில். ஆனால் பழைய பெட்டி அதற்கு மூச்சு வாங்கும், 'கிரிச் கிரிச்' கேட்கும். பாடும்போது குறை, மிக்ஸ் செய்யும்போது கூட்டு. ஏசியோ டிரைவர் போடாமல் இதையெல்லாம் செய்தால் விழலுக்கு இறைத்த நீர்.

நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும்போது இடையில் 'டிக்' என்று ஒரு வெட்டு?
*– திருவேங்கடம்*

வைஃபையை அணையுங்கள். பாட்டுக்கு வாட்ஸப் எதற்கு?

ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய வருஷத்தைக் காட்டுகிறது.
*– குருவிகுளம்*

சி.ஆர். 2032 என்று ஒரு பொத்தான் பேட்டரி, 3 வோல்ட். அது செத்துவிட்டது. தேதி தப்பானால் எது நேற்றைய டேக், எது போன மாசத்து டேக் என்றே தெரியாமல் நல்லதை அழித்துவிடுவீர்கள். நம்மூர் பிரியாணியைவிட விலை குறைவு, உடனே மாற்றுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா? எது உசத்தி?
*– சங்கரன்கோவில்*

இதைக் கேட்கிற ஊரா இது! சிவனா, திருமாலா என்று நாகர்கள் சங்கனும் பதுமனும் போட்ட இதே வழக்குக்கு, கோமதி அம்மன் தவமிருந்து வாங்கித் தந்த தீர்ப்பு கோயிலுக்குள் நிற்கிறது: ஓர் உடம்பில் இருவரும். ஒரே டிஸ்கில் இரண்டையும் போடுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு, 10-க்கு 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே நெட்டுக்கு லினக்ஸ். நெட்டே காட்டாமல், பதிவுக்கு மட்டும் பழைய விண்டோஸ்.

4 ஜி.பி. ரேமில் உருப்படியாக ஏதாவது வருமா?
*– கரிவலம்வந்தநல்லூர்*

'ரோஜா' வந்த 1992-இல் மேஜைக் கம்ப்யூட்டருக்கு 4 எம்.பி. இருந்தாலே வசதி. உங்களிடம் ஆயிரம் மடங்கு இருக்கிறது. பாட்டு எங்கே?

ஆடித்தபசு சமயத்தில் பதியலாமா?
*– சங்கரன்கோவில்*

ஊரே ஒலிபெருக்கி. தபசு பார்க்கப் போங்கள்.

தாத்தாவின் வில்லுப்பாட்டை வில், உடுக்கை, குடம், ஜால்ரா என்று தனித்தனி மைக் வைத்து எட்டு டிராக்கில் பதிந்தேன். இப்போது ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்கிறது. தாத்தா இப்போது இல்லை.
*– சென்னிகுளம்*

தம்பி, டிஃப்ராக் செய்யாதே. புதிதாக எதையும் அதில் ஏற்றாதே. ரீஸ்டார்ட் செய்து செய்து பார்க்காதே. தாத்தா குரல் உள்ள ஃபைலை முதலில் எடு, மற்றதெல்லாம் பிறகு. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு டிராக் நிமிஷத்துக்கு 8.6 எம்.பி.; எட்டு டிராக், ஒரு மணி நேரம், சுமார் 4 ஜி.பி. பதினாறு ஜி.பி. பென் டிரைவ் ஒன்று மூன்று மணி நேரத் தாத்தாவைத் தாங்கும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோ.

உன் ஊர்க்காரர்தான் காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார். இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியது 1902-இல். அவர் அதற்கு முன்பே போய்விட்டார். சிந்து இருக்கிறது, அவர் அதைப் பாடிய குரல் எப்படி இருந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது. உன் தாத்தாவின் குரல் இன்னும் அந்த டிஸ்கில் இருக்கிறது. ஒரு பிரதி உன் வீட்டில், இன்னொன்று அத்தை வீட்டில். இன்று ராத்திரியே எடுத்துவிடு.