புத்திதானம்

1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதானம் என்னும் நிலக்கொடை இயக்கத்தைத் தொடங்கிய வினோபா பாவே, நிலமும் பொருளும் இல்லாதவர்கள் புண்ணியத்தை இழந்துவிடலாகாதே என்ற காருண்யத்தால், உடலுழைப்பைச் சிரமதானமாகவும் அறிவைப் புத்திதானமாகவும் ஏற்கலாம் என்று தான மார்க்கத்தை விஸ்தரித்தார். பின்னதில்தான் ஆபத்து வந்தது. ஏரியில் தூர் வாரும் தினத்தன்று மண்வெட்டி பிடிப்பவர் நால்வர் என்றால், கரையோர வேப்பமர நிழலில் துண்டை விரித்து அமர்ந்து, “தம்பி, வண்டலை மதகுப் பக்கம் கொட்டாதே” என்று புத்திதானம் புரிபவர் நாற்பது பேர். தலைவரோ, புகைப்படக்காரர் வரும்வரை வேட்டியை மடித்துக் கட்டாமல் காத்திருந்து, ஒரே ஒரு கூடை மண்ணைச் சுமந்து, அதையும் பாதி வழியில் தொண்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரசங்கத்துக்கு எழுந்தருளுகிறார். புளியோதரைப் பொட்டலம் வரும்போது மட்டும் தானங்களுக்குள் பேதமில்லை. முதலில் தீர்வது நிழல் பக்கத்தில்தான்.